மாமா குரலில் பேசினேன்

அநியாயம் நடந்தது எனக்கு, அக்கா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எதிர்த்துப் பேசிய பேச்சை, நானே ஆதரித்துப் பேசியதாக வெட்டி ஊர் முழுக்க விட்டுவிட்டார்கள். இப்போது உங்கள் போனில் ஓடியதே, சாம்பல் நிறச் சுடிதார் போட்ட ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு போனு?" என்று முழங்கினாளே, அவள் நான்தான். நிறுத்த வேண்டாம், பாருங்கள். எப்படியும் இரண்டு தடவை பார்த்துவிட்டீர்கள். இரண்டாவது தடவை பார்க்கும்போது என் பக்கம் ஒரு பார்வை பார்த்தீர்கள் பாருங்கள், அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு. இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். இறங்கினால் அடுத்த பஸ்ஸில் இன்னொரு அக்கா இருப்பார்.

யாருக்காவது அனுப்பிவிட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். தங்கச்சிக்கா? தங்கச்சிக்கு மட்டுமா? சரி, போகட்டும். தங்கச்சிக்குப் பெண் பிள்ளை இருந்தால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள், ஒரு போன் போட்டுப் பேச வேண்டும்.

என் பெயர் பேச்சிப்பிரியா. சிரிக்காதீர்கள். பேச்சியம்மன் எங்கள் குலசாமி, அவ்வளவுதான். பெயருக்கும் வாய்க்கும் சம்பந்தமில்லை என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். நம்பியவர் ஒருவரும் இல்லை. பாளையங்கோட்டையில் எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் வருடம். என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கும் என்னிடம் ஒரு வாதம் இருக்கிறது, ஆலங்குளம் வரை ஆகும்.

போன மாதம் எங்கள் கல்லூரியில் பட்டிமன்றம். இணையத்தை அரசு கட்டுப்படுத்த வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்ற அணிக்கு ஜெபசிங் தலைவன். என் வகுப்புதான். நிதானமாகப் பேசுவான், அதனால் தோற்பான். வேண்டாம் என்ற அணிக்கு நான். நீங்கள் பட்டிமன்றம் பார்த்திருப்பீர்கள். நேரடியாக நம் கருத்தைச் சொன்னால் கூட்டம் கொட்டாவி விடும். எதிரணிக்காரர் எப்படிப் பேசுவார் என்று முதலில் அவரைப் போலவே பேசிக் காட்ட வேண்டும். கூட்டம் சிரிக்கும், கை தட்டும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவரை வெட்டிச் சாய்க்க வேண்டும். அதுதான் முறை. நடுவர்கூட அந்த இடத்துக்காகத்தான் காத்திருப்பார்.

எனக்கு ஆள் தேடவே வேண்டியதில்லை. எங்கள் ஆவுடையப்பன் மாமா இருக்கிறார். என் அத்தை வீட்டுக்காரர். சுரண்டையில் கல்யாணத்துக்கு அண்டா, நாற்காலி வாடகைக்கு விடுகிற கடை. ஒவ்வொரு பொங்கலுக்கும் இலையில் உட்கார்ந்து அவர் இதே பேச்சைப் பேசுவார். இருபத்திரண்டு வயதில் எனக்கு மனப்பாடம். அப்படியே எடுத்து விட்டேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு போனு? அடுப்பு எரியுதான்னு பாக்கதுக்கா? கவர்மெண்டு ஒரு பொத்தான அமுக்கி எல்லாத்தையும் நிப்பாட்டணும். கவர்மெண்டுக்கு நேரமில்லன்னா வீட்டுல இருக்கவன் நிப்பாட்டணும். போன வாங்கி உள்ள வையி, பிள்ள தன்னால திருந்தும்!"

துண்டு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், அக்கா. பையன்கள் ஒரு துண்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தோளில் துண்டு போட்டு, மீசையை முறுக்குவதுபோல் ஒரு சைகை செய்திருந்தால், இன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். மாட்டேன் என்றுவிட்டேன். வேஷம் போட்டால்தான் ஆள் தெரியும் என்பது மூன்றாந்தரப் பேச்சாளருக்கு. நான் குரலிலேயே ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவேன் என்றேன். நிறுத்தினேன். அவ்வளவு தத்ரூபமாக நிறுத்தினேன் என்பதற்குத்தான் இந்த நாற்பது நொடி சாட்சி. முன்னால் "எங்கள் வீட்டில் ஒரு மாமா இருக்கிறார், நடுவர் அவர்களே" என்று நான் சொன்னது இதில் இல்லை. பின்னால் அந்த மாமாவை நான் கிழித்துத் தொங்கவிட்ட ஏழு நிமிடம் இல்லை. நடுவில் உள்ளது மட்டும் இருக்கிறது, கூட்டத்தின் கைதட்டலோடு. மேலே என்ன எழுதியிருக்கிறது பார்த்தீர்களா? "எம்.ஏ. மாணவியின் சாட்டையடி." எம்.ஏ. என்பது மட்டும் உண்மை.

யார் வெட்டியது என்று தெரியாது. கூட்டத்தில் முந்நூறு போன் இருந்தது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அக்கா. திட்டுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். பாராட்டிவிட்டார்கள். "இந்த மகளைப் பெற்ற வயிறு குளிரட்டும்" என்று ஒருவர். "படித்தும் பண்பு மாறாத பெண்" என்று இன்னொருவர். அவர் முகப்புப் படத்தில் புலி இருந்தது. அம்மாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வரன் வந்தது. இரண்டு வீட்டாரும், "பொண்ணு போன் வச்சிருக்காளா?" என்று ஒரே கேள்வி கேட்டார்களாம். அம்மா, "இருக்கு, பேசத்தான் தெரியாது" என்றாளாம். எதற்கு அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் சொர்ணம் அத்தை போன் பண்ணினாள்.

"ஏட்டி, மேடையேறி என்ன பேசித் தொலச்ச?"

"அத்தே, அது வெட்டின வீடியோ. முழுசாப் பாத்தா..."

"வெட்டினதோ ஒட்டினதோ. உங்க மாமா அதத் தெருவுல போறவன் வாறவன்கிட்டல்லாம் காட்டிட்டு, நேரா வீட்டுக்கு வந்து ரஞ்சி போனப் பறிச்சிட்டாவ. 'எம்.ஏ. படிச்ச பிள்ளையே சொல்லுது, இனிமே என்ன'ன்னு சொல்லுதாவ. பிள்ள சாப்பிடாமக் கெடக்கா."

சிவரஞ்சனி அத்தை மகள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். சும்மா இல்லை. ஆரி வேலை செய்கிறாள். கல்யாண ஜாக்கெட் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்துத் தைப்பார்களே, அது. தைத்ததைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். அதைப் பார்த்துப் பெண்கள் துணி அனுப்புவார்கள். நான்கூட ஒருமுறை அவளிடம், "இவ்வளவு பெரிய இணையம், உலகத்தில் புரட்சியெல்லாம் நடக்கிறது, நீ ஜாக்கெட் கழுத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறாயே" என்று சொன்னேன். கோபப்படவில்லை. "உங்களுக்கு ஒண்ணு தச்சுத் தாரேன் மதினி" என்றாள். மாமன் மகள் நான், அவளைவிட மூத்தவள், அதனால் மதினி.

புளியங்குடியில் ஒரு கல்யாணப் பெண். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். அவள் ஜாக்கெட்தான் ரஞ்சியின் சட்டத்தில் இருந்தது. கை இரண்டும் முடித்துவிட்டாள். பின்கழுத்து எப்படி வர வேண்டும் என்று அந்தப் பெண் படம் அனுப்பியிருக்கிறாள். அந்தப் படம் போனில். போன் மாமா சட்டைப் பையில். பின்கழுத்து இல்லாமல் ஜாக்கெட் அப்படியே நிற்கிறது. ரஞ்சிக்கு இது முதல் கல்யாண ஜாக்கெட், அக்கா. இது கெட்டால் அடுத்தது வராது. இதுவரை அக்கம்பக்கத்து வளைகாப்புதான்.

இதையெல்லாம் அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். "அத்தே, இதுக்கு அடிப்படையிலேயே தீர்வு காணணும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, மனு எழுத உட்கார்ந்தேன்.

ஆறு பக்கம். கல்லூரி முதல்வருக்கு. கீழே நகல் என்று போட்டு, எனக்குத் தெரிந்த அதிகாரிகள் பெயரெல்லாம் எழுதினேன். தெரியாத அதிகாரிகளுக்கும் எழுதினேன். அந்தக் காணொளியை எல்லா இடத்திலிருந்தும் உடனே நீக்க வேண்டும். முதலில் அனுப்பியவனைக் கண்டுபிடிக்க வேண்டும். என்ன காரணத்துக்காக யார் அனுப்பியிருந்தாலும் அவர்கள் எண்ணை முடக்க வேண்டும். மன்னியுங்கள், உங்கள் தங்கச்சியும் அதில் அடக்கம். இனிமேல் பெண்கள் மேடையில் பேசும் எந்தக் காணொளியையும் ஓர் அதிகாரி முழுதாகப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே வெளியில் விட வேண்டும். எழுத எழுத எனக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. கை வலித்தது, நிறுத்தவில்லை.

கொடுப்பதற்கு முன்னால் ஜெபசிங்கிடம் படிக்கக் கொடுத்தேன். எழுத்துப்பிழை பார்க்கத்தான். ஆறு பக்கத்தையும் நிதானமாகப் படித்தான். சொன்னேனே, நிதானமானவன்.

"பேச்சி, இத அன்னைக்கே என் கையில குடுத்திருந்தா நாங்க ஜெயிச்சிருப்போமே."

"விளையாடாத. இது வேற, அது வேற."

"நான் கெட்ட விஷயத்த மட்டும் நிறுத்தச் சொன்னேன். நீ எல்லாரையும் நிறுத்தச் சொல்லியிருக்க. நாலாவது பக்கத்தப் பாரு. இப்ப நம்ம பட்டிமன்றத்தையே அதிகாரி பாத்துத்தான் வெளிய விடணும்."

"அது பெண்களோட பாதுகாப்புக்கு."

"நானும் அதத்தான சொன்னேன்? நீதான் மேடையில என்னப் பாத்து, 'பாதுகாப்புங்கிற பேர்ல பூட்டு விக்கிறவரே'ன்னு சொன்ன. எங்க அம்மா முன்வரிசையில உக்காந்திருந்தா."

பொறாமை, அக்கா. தோற்றவனுக்கு இருக்கும்தானே? எழுத்துப்பிழை ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. மனுவைக் கொடுத்துவிட்டேன்.

நான்கே நாளில் நடவடிக்கை. நம் நாட்டில் மனுவுக்கு நான்கு நாளில் நடவடிக்கை என்றால் நம்புவீர்களா? முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். முதல்வர் மேடம் ரொம்ப நல்லவர். உட்காரச் சொன்னார்.

"நீ கேட்டபடியே வீடியோவ எடுத்தாச்சும்மா."

"ரொம்ப நன்றி மேடம். எப்படி மேடம் எல்லார் போன்லேர்ந்தும்..."

"எல்லார் போனுக்கும் நாம எங்க போறது? நம்ம காலேஜ் பக்கத்துல முழுப் பட்டிமன்றமும் போட்டிருந்தோம்ல, அத எடுத்தாச்சு. இத்தனை பேருக்கு நகல் போட்டிருக்கியே, எனக்குத் தூக்கமே வரல. இனிமே பட்டிமன்றத்தப் படம் புடிக்கிறதே இல்லன்னும் முடிவு பண்ணியாச்சு. இப்ப திருப்திதானே?"

புரிகிறதா, அக்கா? வெட்டிய நாற்பது நொடி எங்கும் பத்திரமாக இருக்கிறது. அது வெட்டியது என்று காட்ட இருந்த ஒரே சாட்சியை, என் மனுவை வைத்தே அழித்துவிட்டார்கள். என்னை நானே தடை செய்துகொண்டேன். அதுவும் நகல் போட்டு. முதல்வர் அறையிலிருந்து வெளியே வந்து நாவல் மரத்தடியில் நின்றேன். ஜெபசிங் வந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். அதுதான் எனக்கு அதிக எரிச்சல்.

சரி, இனி நேரே மாமாவிடமே பேசுவது என்று இன்றைக்குக் காலையில் கிளம்பி சுரண்டைக்கு வந்தேன். அங்கிருந்துதான் இப்போது திரும்புகிறேன். அந்த முகத்தோடுதான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

மாமா முன்னறையில் இருந்தார். சட்டைப் பையில் இரண்டு போன். ஒன்று அவருடையது. இன்னொன்று பின்பக்கம் மயில் ஒட்டியது. நான் உள்ளே போகும்போதே மயில் போன் அடித்தது. எடுத்தார்.

"அலோ... ரஞ்சி இல்லம்மா, அவ அப்பா பேசுதேன். நீ யாரு? கல்யாணப் பொண்ணா? ரொம்ப சந்தோசம். எந்தூரு? புளியங்குடியா? புளியங்குடில யாரு மக? ஆங், எலுமிச்சங்கா மண்டி வச்சிருக்காவளே, அவுகளா! உங்க பெரியப்பா மக கல்யாணத்துக்கு நம்ம அண்டாதான வந்துச்சு! ...என்னம்மா? கழுத்தா? அந்தப் படத்தப் பாத்தேன். அது எதுக்கும்மா அம்புட்டு எறக்கம்? முதுகுல காத்து பட்டா சளி புடிக்கும். நீ கவலப்படாத, மேல வர மூடித் தைக்கச் சொல்லுதேன்... அலோ? அலோ?"

போனைப் பார்த்தார். "லைன் போயிட்டு" என்றார்.

உள்ளறையில் ரஞ்சி சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது கதவு வழியாகத் தெரிந்தது. தலையைக் குனிந்தபடியே இருந்தாள். ஊசி மட்டும் நின்றுபோயிருந்தது.

"வா மருமவளே! நீ பேசினத சங்கத்து குரூப்புல போட்டுட்டேன். எல்லாரும் உங்க மருமவளான்னு கேக்காவ."

"மாமா, அது நான் பேசினதில்ல. உங்களப் போலப் பேசிக் காட்டினது."

"அதத்தாம்மா நானும் சொல்லுதேன். கேட்டதும் எனக்கே தோணிச்சி, நம்ம மனசுல உள்ளத அப்படியே சொல்லுதாளேன்னு."

"உங்க மனசுல உள்ளதுதான் மாமா, என் மனசுல உள்ளது இல்ல!"

"நீதான பேசுத? வாய் அசையுதே."

"மாமா, அது உங்க குரல்!"

"நான் எப்ப பாளையங்கோட்டைல மேடையேறினேன்?"

அத்தை அடுக்களையிலிருந்து, "ஏட்டி, மொதல்ல காப்பியக் குடி" என்றாள். காப்பி குடிக்கிற நேரமா அது? முழுக் காணொளியைக் காட்டலாம் என்றால் அதைத்தான் கொன்றுவிட்டோம். வேறு வழியில்லை. முன்னறையில் நடுவில் நின்றேன். "உட்காருங்க மாமா" என்றேன். உட்கார்ந்துதான் இருந்தார். முழுப் பேச்சையும் பேசினேன், அக்கா. நடுவர் அவர்களே என்பதிலிருந்து நன்றி வணக்கம் வரை, கை வீச்சோடு. ஆவுடையப்பன் மாமாவுக்கு முன்னாலேயே ஆவுடையப்பன் மாமாவைப் பேசிக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் தொடையில் தட்டி, "சரியாச் சொன்ன!" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைக் கிழித்த ஏழு நிமிடமும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒரு கொட்டாவி விட்டார்.

"மொதல்ல பேசினது நல்லாயிருக்கு. பின்னாடிதான் கொஞ்சம் இழுவையா இருக்கு. வெட்டினவன் வெவரமானவன்."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பல்கலைக்கழக அளவில் மூன்று கேடயம் வாங்கியவள். அண்டா வாடகைக் கடைக்காரரிடம் தோற்பதா? ரஞ்சிக்கு போன் வேண்டும், உண்மைதான், அதற்காகத்தான் போனேன். ஆனால் அந்த நேரத்தில், உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு ஜெயிக்க வேண்டும். அவ்வளவுதான் மனதில் இருந்தது. சட்டென்று கட்சியை மாற்றினேன்.

"மாமா, தடை வேற, கட்டுப்பாடு வேற. நீங்க செய்றது தடை. போனையே பறிக்கிறது. அது நியாயமில்ல. நான் சொல்றது கட்டுப்பாடு. போன் அவகிட்ட இருக்கட்டும். என்ன பாக்குறா, எவ்வளவு நேரம் பாக்குறா, யார்கிட்டப் பேசுறா, அத வெவரம் தெரிஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டாப் போதும்."

இது ஜெபசிங்கின் வாதம். மேடையில் இதைத்தான் நான் பிய்த்து எறிந்தேன். அவசரத்துக்கு இரவல் வாங்கினேன். வாதம் யாருடையதாக இருந்தால் என்ன, வேலைக்கு ஆகிறதா என்பதுதானே?

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அத யாரு பாக்கது?"

"படிச்சவங்க யாராவது."

"நீ பாப்பியா?"

"ஏன், பாக்க மாட்டேனா?"

"அப்பச் சரி!" மயில் போனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இனி இது உன் பொறுப்பு. எனக்கு என்ன தெரியுது? கழுத்தப் பாத்தாக் கோவந்தான் வருது. படிச்ச பிள்ள நீ பாத்துக்கிடு. ஏ சொர்ணம், என் மருமவ ஆயிரத்துல ஒருத்தி!" அதற்குள் வாசலில் நாற்காலி ஏற்ற வண்டி வந்து ஒலி எழுப்பியது. சட்டையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன், அக்கா. எனக்கு அப்படித்தான் இருந்தது. நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? என் கொள்கை ஒன்றும் மாறவில்லை. அரசு இணையத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது, இன்றைக்கும் சொல்வேன், எந்த மேடையிலும் சொல்வேன். அரசு என்றால் முகம் தெரியாத ஆட்கள். நான் என்ன அரசா? நான் அவள் மதினி.

போனைக் கொண்டுபோய் ரஞ்சியிடம் கொடுத்தேன். வாங்கினாள். முகம் அப்படியே பூத்துவிட்டது. உடனே திறந்து அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். "கொஞ்சம் இருங்க மதினி" என்று மெல்லிய தாள் ஒன்றை எடுத்து மடியில் விரித்தாள், பென்சிலை எடுத்தாள். நான் சட்டத்துக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புதிய ஏற்பாட்டை விளக்க ஆரம்பித்தேன்.

எல்லாம் நியாயமான ஏற்பாடுதான். என் போனில் ஒரு ஆப் போட்டுக்கொள்வேன். அவள் போனில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியும். பகலில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு வேண்டாம். புதிய ஆட்கள் எழுதினால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதில் போட வேண்டும். எந்த ஜாக்கெட் படத்தைப் போடுவதாக இருந்தாலும் முதலில் எனக்கு அனுப்ப வேண்டும். நான் தடுக்க மாட்டேன், யோசனைதான் சொல்வேன். படத்துக்குக் கீழே அவள் எழுதுவது சரியில்லை. உழைப்பு, சுயமரியாதை என்று நான் இரண்டு வரி எழுதித் தருவேன். இந்தப் பின்கழுத்தைக்கூட நான் முழுதாக எதிர்க்கவில்லை. ஒரு விரல் அளவு ஏற்றினால் போதும், மாமாவுக்கும் சமாதானம், கல்யாணப் பெண்ணுக்கும் நஷ்டமில்லை. என் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

"மேல்முறையீடு யார்ட்ட?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"என்கிட்டதான். ஆனா நான் திறந்த மனசோட கேப்பேன்."

தலையை ஆட்டினாள். பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன், அக்கா. நம் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்கிற ஒரு ஆள் இத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதனால் இன்னும் விரிவாகப் பேசினேன். மற்ற நாடுகளில் எப்படி என்றும் சொன்னேன்.

பேசி முடித்தேன். அவளும் முடித்தாள். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நான் சொன்னதில் ஒரு எழுத்து இல்லை அதில். புளியங்குடிப் பெண் கேட்ட பின்கழுத்து, இரண்டு பக்கமும் கொடி இறங்கி நடுவில் ஒரு அன்னம், ஒரு விரல்கூட ஏறாமல் அப்படியே இருந்தது. போனில் ஏதோ இரண்டு வரி தட்டி அந்தப் பெண்ணுக்கு அனுப்பினாள். அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்த சத்தம் கேட்டது. பார்த்துச் சிரித்துக்கொண்டாள். பிறகு தாளைத் துணியின்மேல் வைத்துச் சரிபார்த்தாள். போனை அணைத்தாள். முந்தானையில் துடைத்து, என் மடியில் திரும்ப வைத்துவிட்டாள்.

"என்னட்டி இது? உனக்காகத்தான வாங்கித் தந்தேன்?"

"அப்பா வந்தா அவுககிட்டயே குடுத்துருங்க மதினி."

"ஏன்? என்ன குறை இதுல? சொல்லு. எந்த நிபந்தனைன்னு சொல்லு, பேசித் தீத்துக்கலாம்."

அத்தைகூட அடுக்களை வாசலில் வந்து நின்றுவிட்டாள், கையில் என் காப்பியோடு. ரஞ்சி ஊசியில் ஜரிகையைக் கோத்தாள். கோபமில்லை, அழுகையில்லை, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புகூட இருந்தது. அப்போது ஒரு பதில் சொன்னாள், அக்கா. சுரண்டையில் பஸ் ஏறியதிலிருந்து அதற்கு ஒரு மறுப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்னது இதுதான்:

"இதுக்கு எங்கப்பாவே தேவலாம் மதினி. அவுக போன மட்டுந்தான் எடுத்து வச்சுக்கிடுதாவ."